குலுக்காத சீட்டு



மதரஸாவில் பாடம் நடத்தும் ஒருவன் டேபிள் டென்னிஸைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே, யார் யாரோடு மோதுவது என்று எழுதப்படும் அந்த ஒற்றைத் தாளைப் பற்றியே நான் எழுத விரும்புகிறேன். அந்தத் தாளில் நான் ஒரு பிழை செய்தேன். தெரியாமல் செய்த பிழை என்று சொல்ல எனக்கு வாயில்லை.

எங்கள் மதரஸாவின் கூடத்தில் ஒரு டேபிள் டென்னிஸ் மேசை இருக்கிறது. ஊர்ப் பெரியவர் ஒருவர் பிள்ளைகளுக்காக வாங்கித் தந்தது. அஸர் தொழுகைக்குப் பின் மஃக்ரிப் வரை அந்த மேசையைச் சுற்றிக் கூட்டம் குறையாது. 2024 டிசம்பர் அரையாண்டு விடுமுறையில் 16 மாணவர்களைக் கொண்டு ஒரு போட்டி நடத்த முடிவு செய்தோம். தோற்றவர் வெளியேறும் முறை. அட்டவணை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது.

மேசையைத் தந்தவரின் மகனும் அப்போட்டியில் இருந்தான். நன்றாக ஆடுவான்; ஆயினும் அவனைவிட வலுவானவர்கள் இருவர் இருந்தனர். அவர்களுள் ஒருவன் வாடகை ஆட்டோ ஓட்டும் ஒருவரின் மகன். அன்றிரவு தனியே அமர்ந்து அட்டவணையை எழுதியபோது, வலுவான அவ்விருவரையும் முதல் சுற்றிலேயே எதிரெதிரே நிறுத்தினேன். மேசை தந்தவரின் மகனை மறுபாதியில், புதிதாக மட்டை பிடித்த சிறுவர்களுக்கு நடுவே வைத்தேன். எவரும் என்னிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. பரிசளிப்பு நாளில் அந்தப் பெரியவரின் முகம் மலர வேண்டும் என்ற எண்ணம் மட்டுமே என் பேனாவை நகர்த்தியது.

ஆட்டோ ஓட்டுநரின் மகன் முதல் சுற்றிலேயே, ஐந்தாவது கேமில் 9-11 என்று தோற்றான். வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்து கேட்டான்: “உஸ்தாத், இந்தச் சீட்டை யார் குலுக்கினார்கள்?”

“குலுக்கலில் அப்படி விழுந்துவிட்டது, தம்பி” என்றேன்.

அவன் தலையசைத்துச் சென்றுவிட்டான். நான் சொன்னதை அவன் அப்படியே நம்பினான். அந்த நம்பிக்கைதான் பின்னர் என்னை வருத்தியது.

மாதங்கள் கடந்தன. 2025 மார்ச் 25 முதல் 30 வரை சென்னை ஜவஹர்லால் நேரு உள்விளையாட்டரங்கில் ‘ஸ்டார் கன்டென்டர்’ என்னும் பன்னாட்டுத் தொழில்முறைப் போட்டி நடந்தது. ரமலானின் கடைசிப் பத்து நாட்கள் அவை. சென்னையில் கல்லூரியில் படிக்கும் அண்ணன் அழைக்கிறான், போய்வரலாமா என்று அதே மாணவன் என்னிடம் அனுமதி கேட்டான். நோன்பையும் தொழுகையையும் விடக்கூடாது என்று சொல்லி அனுப்பினேன். சட்டைப்பையில் பேரீச்சம்பழத்தோடு சென்று, பெருநாளைக்கு ஊர் திரும்பியவன், தன் அண்ணனிடம் கற்றதையெல்லாம் என்னிடம் ஒப்பித்தான்.

உலகப் போட்டிகளில் எவரும் நினைத்தவுடன் பெயர் கொடுத்துவிட முடியாது. ஒவ்வொரு வீரருக்கும் தரவரிசைப் புள்ளிகள் உண்டு. ‘கிராண்ட் ஸ்மாஷ்’ பட்டம் வென்றால் 2000 புள்ளிகள், ‘ஸ்டார் கன்டென்டர்’ பட்டத்துக்கு 600, ‘கன்டென்டர்’ பட்டத்துக்கு 400. கடந்த 52 வாரங்களில் ஒருவர் பெற்ற மிகச் சிறந்த எட்டு முடிவுகளைக் கூட்டித் தரம் கணக்கிடுகிறார்கள். தரம் உயர்ந்தவர்கள் நேரடியாக முதன்மைச் சுற்றுக்கு வருகிறார்கள். ஏனையோர் தகுதிச் சுற்றில் வென்று வர வேண்டும். போட்டியை நடத்தும் நாட்டினர் சிலருக்கும் இடம் ஒதுக்கப்படுகிறது. இவையனைத்தும் முன்கூட்டியே எழுதி வெளியிடப்பட்ட விதிகள்.

அட்டவணை எழுதுவதற்கும் விதி உண்டு. முதல் தரத்தவர் தாளின் உச்சியில்; இரண்டாம் தரத்தவர் தாளின் அடியில். இறுதி ஆட்டத்துக்கு முன் இவ்விருவரும் சந்திக்க முடியாது. மூன்றாம், நான்காம் தரத்தவருள் எவர் எந்தப் பாதிக்குச் செல்வது என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும். ஐந்து முதல் எட்டு வரையிலான நால்வரையும் நான்கு கால்பகுதிகளுக்குக் குலுக்கலே பிரித்தனுப்பும். தரம் பெறாத ஏனையோரின் இடங்களையும் குலுக்கலே நிரப்பும்.

இதைக் கேட்டதும் என் மனத்தில் ஒரு சாக்கு எழுந்ததை மறைக்கமாட்டேன். ‘வலுவானவர்களைப் பிரித்து வைப்பதை உலகமே செய்கிறதே; நானும் ஒருவனைப் பிரித்துத்தானே வைத்தேன்’ என்றது நஃப்ஸ். ஆனால் நான் மாணவர்களுக்கு நடத்தும் பாடமே அந்தச் சாக்கை உடைத்தது.

ஃபிக்ஹில் ‘குர்ஆ’ என்று ஒன்றைப் படிக்கிறோம், சீட்டுக் குலுக்குதல். யூனுஸ் நபி (அலை) அவர்கள் ஏறிய கப்பலில் சீட்டுக் குலுக்கப்பட்டதையும், மர்யம் (அலை) அவர்களை வளர்க்கும் பொறுப்பு யாருக்கு என்று எழுதுகோல்களை எறிந்து பார்த்ததையும் நம் பிள்ளைகள் அறிவார்கள். நபி (ஸல்) அவர்கள் பயணம் புறப்படும்போது மனைவியருள் எவரை உடன் அழைத்துச் செல்வது என்பதைக் குலுக்கலில் தீர்மானித்ததாக ஹதீஸ்களில் வருகிறது. உரிமை சமமாக இருக்கும் இடத்தில் ஒருவர் மனமும் புண்படாமல் தீர்ப்பதற்கே குர்ஆ. ஒருவரின் உரிமை தெளிவாக உயர்ந்திருக்கும் இடத்தில் அதற்கு வேலையில்லை.

டேபிள் டென்னிஸ் அட்டவணை இதே அறிவோடு அமைந்திருப்பதைக் கண்டு வியந்தேன். உழைத்துப் பெற்ற புள்ளிகளால் ஒருவரின் இடம் தெளிவாகும் வரை அங்கே குலுக்கல் இல்லை. சமமானவர்கள் வந்து நின்றதும் குலுக்கல் தொடங்குகிறது. எழுதுபவரின் விருப்பத்துக்கு அத்தாளில் ஓர் அங்குல இடமும் இல்லை. என் தாளிலோ என் விருப்பத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

பிறகு, அந்த மாணவன் சரத் கமல் ஆட்டத்தைப் பற்றிச் சொன்னான். ஐந்து ஒலிம்பிக்கில் ஆடியவர், காமன்வெல்த் போட்டிகளில் ஏழு தங்கம் வென்றவர், பத்து முறை தேசியச் சாம்பியன். ஏறத்தாழ என் வயதினர். சென்னை அவருடைய சொந்த ஊர். இதுவே தமது கடைசிப் போட்டி என்றும் அறிவித்திருந்தார். அரங்கம் முழுவதும் அவருக்காகவே திரண்டிருந்தது. அந்த அட்டவணை அவருக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்தியது மற்றோர் இந்தியரை. வயதில் மிக இளையவரான ஸ்னேஹித் சுரவஜ்ஜுலாவை. சரத் கமல் நேர் கேம்களில் தோற்றார். அவருடைய நெடிய ஆட்ட வாழ்வு அங்கேயே நிறைவுற்றது.

“அவருக்காகக்கூட யாரும் சீட்டை மாற்றி எழுதவில்லை, உஸ்தாத்” என்றான் மாணவன்.

அவன் குறிப்பாக எதையும் சொல்லவில்லை. என் செவிக்குத்தான் அது வேறாகக் கேட்டது.

விதிகள் எல்லாம் குறையற்றவை என்று நான் சொல்ல வரவில்லை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஆடவர், மகளிர் இரு ஒற்றையர் பிரிவுகளிலும் மூன்று பதக்கங்களையும் சீனர்களே வென்றனர். அதன்பின் ஒரு நாட்டிலிருந்து ஒற்றையரில் இருவர் மட்டுமே என்று விதி மாற்றப்பட்டு, 2012 லண்டன் முதல் நடைமுறைக்கு வந்தது. பிற நாட்டினருக்கு வாசல் திறந்தது. உலகின் மூன்றாவது சிறந்த வீரர் சீனராகப் பிறந்தால் அவருக்கு வாசல் மூடியது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் ஒற்றையர் சாம்பியன்களான ஃபான் சென்டோங், சென் மெங் இருவரும் அதே ஆண்டு டிசம்பரில் உலகத் தரவரிசையிலிருந்தே விலகினர். போட்டிக்கு வராத வீரருக்கு அபராதம் என்ற விதியை அவர்கள் காரணமாகக் கூறினர். எழுதி வைத்த விதி என்பதால் அதை எதிர்த்து அவர்களால் வெளிப்படையாகப் பேச முடிந்தது. ஒருவன் மனத்துக்குள் வைத்திருக்கும் விதியை எவர் எதிர்க்க முடியும்?

மறைவில் செய்யும் ஏற்பாடு என்ன செய்யும் என்பதற்கு அந்த ஆட்டத்தின் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. 1987இல் புதுதில்லியில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியின் அரையிறுதியில், தன் நாட்டுத் தோழி குவான் ஜியான்ஹுவாவிடம் தோற்றுவிடும்படி சீன வீராங்கனை ஹெ சிலியிடம் அணியினர் கூறினர். இறுதியில் கொரிய வீராங்கனையை எதிர்கொள்ளக் குவானே ஏற்றவர் என்பது அவர்கள் கணக்கு. ஹெ சிலி களத்தில் இறங்கி முழு மூச்சோடு ஆடி வென்றார். இறுதியிலும் வென்று உலகச் சாம்பியன் ஆனார். மறு ஆண்டு சியோல் ஒலிம்பிக்குக்கு அவரைச் சீன அணியில் சேர்க்கவில்லை. பின்னர் ஜப்பானில் குடியேறி, 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் அந்நாட்டுக்காக ஆடி, இறுதியில் சீனாவின் டெங் யாபிங்கை வீழ்த்தினார். எங்கோ நடந்த கதை என்று இதைக் கடந்து செல்ல என்னால் இயலவில்லை. யார் வெல்ல வேண்டும் என்று அவர்கள் முன்னதாக முடிவு செய்ததைத்தான் நானும் என் சிறு கூடத்தில் செய்திருந்தேன்.

பெருநாள் கழிந்த மறுவாரம், ஆட்டோ ஓட்டுநரின் மகனைத் தனியே அழைத்தேன். “டிசம்பரில் நான் சீட்டுக் குலுக்கவில்லை. நானே எழுதினேன். உன்னிடம் பொய்யும் சொன்னேன். என்னை மன்னித்துவிடு” என்றேன். ஆசிரியர் மாணவனிடம் மன்னிப்புக் கேட்பது எத்தனை கடினம் என்பதை அன்றுதான் அறிந்தேன். அவன் நெடுநேரம் தரையைப் பார்த்தபடி நின்றான். பிறகு, “அடுத்த போட்டியில் குலுக்குவீர்கள்தானே, உஸ்தாத்?” என்று மட்டும் கேட்டான்.

ஷவ்வாலில் மதரஸா திறந்ததும் மீண்டும் போட்டி வைத்தோம். சென்ற போட்டியின் முடிவைக் கொண்டு தரம் வகுக்க எனக்குத் துணிவில்லை. அந்த முடிவில் என் கை கலந்திருந்தது. ஆகவே எவருக்கும் தரமில்லை, எல்லாம் குர்ஆ என்று பிள்ளைகள் முன்னிலையில் காரணத்தையும் சொல்லி அறிவித்தேன். மேசை தந்த பெரியவரிடம் முன்னதாகவே சென்று நடந்ததைக் கூறினேன். சற்று நேரம் மௌனமாக இருந்தவர், “நான் அப்படிக் கேட்கவே இல்லையே, ஹஜ்ரத்” என்றார். மன வருத்தத்தோடுதான் சொன்னார். அவர் மேலும் நான் ஒரு பழியைச் சுமத்தியிருந்தேன் என்பது அப்போது விளங்கியது.

காயிதா வகுப்பின் ஆகச் சிறிய பிள்ளை, தகரப் பெட்டிக்குள் கைவிட்டு ஒவ்வொரு சீட்டாக எடுத்தான். நான் அவற்றை உரக்கப் படித்துக் கரும்பலகையில் எழுதினேன். பெரியவரின் மகன் இரண்டாம் சுற்றில் தோற்றான். அன்று மாலை மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது என்னருகே வந்து, “அப்படியானால் சென்ற முறை நான் வாங்கிய பரிசு, உஸ்தாத்?” என்று கேட்டான். அதற்கு என்னிடம் விடையில்லை. எவனுக்கு நன்மை செய்வதாக எண்ணினேனோ, அவனுடைய வெற்றியையும் நான் களவாடியிருக்கிறேன்.

நம்மில் பலருக்கு இத்தகைய தாள் கையில் வருகிறது. கிராஅத் போட்டியின் வரிசை, ஜமாஅத்தின் உதவிப் பட்டியல், பிள்ளைகளுக்குள் சொத்தைப் பிரிக்கும் எழுத்து. பேனா நம் கையில் இருக்கும் அந்த நேரத்தில் அது அமானிதம் என்பதை அல்லாஹ் நமக்கு நினைவூட்டியருள்வானாக. என் பிழைக்காக அந்த இரு பிள்ளைகளின் மனங்களையும் அவனே ஆற்றுவானாக.