கல் ஆறும் நேரம்

ஜூன் 5, வியாழன்

பாப்பாவின் பள்ளி டைரியில் சிவப்பு மையில் எழுதி அனுப்பியிருக்கிறார்கள்: முதல் பீரியடிலேயே தூங்கிவிடுகிறாள், வீட்டில் கவனிக்கவும். யுகேஜி வரை ஒன்பதரைக்குக் கொண்டுபோய் விட்டால் போதும். ஒன்றாம் வகுப்புக்கு ஏழேகாலுக்கே வேன் தெருமுனைக்கு வந்துவிடுகிறது.

கவனிக்கவும் என்றால் எதை? மதுரையில் ராத்திரிப் பரோட்டாக் கடை நடத்துகிறவர் வீடு இது. அடுப்பை அணைத்து, கல்லைத் துடைத்து, சட்டரை இறக்கி அவர் வீடு வந்துசேரப் பதினொன்றரை. அதுவரை நான் ஜாக்கெட் தைப்பேன். அத்தைக்கு டிவி. பத்தாவது படிக்கிற பெரியவனுக்கு ராத்திரியில்தான் பாடமே மண்டையில் ஏறும். இத்தனை பேர் முழித்திருக்கிற வீட்டில் அவள் மட்டும் தூங்க வேண்டுமாம்.

ஜூன் 6

ஒன்பது மணிக்கே விளக்கை அணைத்துப் படுக்க வைத்தேன். தண்ணி. ஒண்ணுக்கு. கால் அரிக்குது. பல்லி ஏன் கீழ விழ மாட்டேங்குது? கடைசியில் முதுகில் ஒன்று வைத்தேன். அழுதுகொண்டே முழித்திருந்தாள்.

ஜூன் 8

ஞாயிறு. கடையில் கூட்டம். எல்லாரும் ஒரு மணிக்குத்தான் படுத்தோம்.

ஜூன் 11, புதன்

இருமலுக்குப் போன இடத்தில் டாக்டரம்மாவிடம் இதையும் கேட்டேன். "ஒன்பதுக்குப் படுக்க வைக்காதீங்க" என்றார். வழக்கமாகத் தூக்கம் வருகிற நேரத்துக்கு முந்தின ரெண்டு மூணு மணி நேரம்தான் மூளை நன்றாக விழித்திருக்குமாம். அப்போது படுக்க வைத்தால் படுக்கையே சண்டைக்களமாகிவிடும். முதலில் அவள் நிஜமாகத் தூங்குகிற நேரத்துக்கே படுக்க வைத்து, பிறகு பதினைந்து பதினைந்து நிமிஷமாக முன்னால் இழுக்க வேண்டும். எழுகிற நேரம் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகூட மாறக் கூடாது. எழுந்ததும் வெயில் கண்ணில் பட வேண்டும். இருட்டின பிறகு வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும். தூக்கத்துக்கு ஆயத்தப்படுத்துகிற மெலடோனின் வெளிச்சம் பட்டால் சுரக்காது. குழந்தைகளின் கண்ணுக்குள் பெரியவர்களைவிட அதிக வெளிச்சம் போகுமாம்.

ஆறு வயசுக்கு ஒன்பது மணி நேரமாவது தூக்கம் வேண்டும். காலை ஆறுக்கு எழ, ராத்திரி ஒன்பதுக்குத் தூங்க வேண்டும். பதினொன்றரையிலிருந்து ஒன்பதுக்கு இழுக்கப் பத்துப் படி. ஒரு படிக்கு மூன்று நாள் என்றாலும் ஒரு மாதம். தையல் கூலி மாதிரி ராத்திரியெல்லாம் இந்தக் கணக்குத்தான்.

ஜூன் 14

டியூப்லைட்டை அணைத்துவிட்டு மெஷின் விளக்கில் மட்டும் தைக்கிறேன். கறுப்புத் துணியில் கறுப்பு நூல். பிரித்துத் தைத்தேன்.

அத்தைக்கு டிவி போன கோபம். "சின்னப் புள்ளையில உம் புருசன் கடையில மைதா மூட்டை மேலதான் தூங்குவான். கொத்துப் பரோட்டா தட்டுற சத்தம் நின்னாத்தான் முழிப்பான். அவனுக்கென்ன கொறைஞ்சுபோச்சு?"

ஜூன் 19

பதினொன்றுக்குத் தூங்கினாள்.

ஜூன் 24, செவ்வாய்

பத்தரைக்கு வந்து நின்றுவிட்டது. தூங்குகிறாள், ஆனால் பதினொன்றரைக்கு பைக் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறாள். தெருமுனையிலேயே அணைத்துத் தள்ளிக்கொண்டு வரச் சொன்னேன். பாவம், தள்ளிக்கொண்டு வந்தார். அதற்கும் எழுந்தாள்.

மற்ற வீட்டில் ஏழு மணிக்கு நடப்பதெல்லாம் எங்களுக்குப் பதினொன்றரைக்குத்தான். அவர் குளித்துவிட்டு வருவார், எல்லாரும் தரையில் உட்காருவோம். டைரியில் கையெழுத்து, கேஸ் சிலிண்டர், அத்தையின் மாத்திரை எல்லாம் அப்போதுதான். பாப்பா அவர் மடியில் ஏறிக் கேட்பாள்: "இன்னைக்குக் கடைசியா யாரு சாப்பிட்டா?" லாரி டிரைவர், பஸ்ஸை விட்ட தாத்தா, காசு பத்தாமல் பாதி பரோட்டா கேட்ட காலேஜ் அண்ணன். அவர் சொல்லி முடிக்கும் முன்னே சாய்ந்துவிடுவாள்.

இன்று காலை தலை பின்னும்போது திட்டினேன். "நான் தூங்கிட்டா அப்பா அத யார்கிட்டச் சொல்வாரு?" என்றாள். ரிப்பனை அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

ஜூன் 27

ஆறரைக்கு அவரே எழுந்து வந்தார். வழக்கமாக ஒன்பது வரை தூங்குகிறவர். கண்ணைத் திறக்காமலே, "நேத்துக் கடைசியா ஒரு போலீஸ்காரர்" என்று ஆரம்பித்தார். இட்லி உள்ளே போனதே தெரியவில்லை அவளுக்கு.

ஜூன் 30

பெரியவன் போனைக் காட்டுகிறான். வயசுப் பிள்ளைகளுக்கு மெலடோனின் தாமதமாகத்தான் சுரக்குமாம். கலிபோர்னியாவில் 2022-லிருந்து உயர்நிலைப் பள்ளிகளை எட்டரைக்கு முன்னால் தொடங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறதாம். "அப்ப அங்க போய்ப் படி" என்றேன். படித்துப் பார்த்தேன். அவன் சொன்னது சரிதான்.

ஜூலை 4, வெள்ளி

ஒன்பதே முக்காலுக்குத் தூங்குகிறாள். பள்ளியிலிருந்து ஒன்றும் எழுதி வரவில்லை.

அவருக்குத்தான் தூக்கம் போதவில்லை. கல்லில் கை சுட்டுக்கொண்டு வந்தார். நாளையிலிருந்து எழ வேண்டாம் என்றேன், பதில் இல்லை. பதினொன்றரைக்கு இப்போது அவரும் பெரியவனும் மட்டும்தான் சாப்பிடுகிறார்கள். ராத்திரி என்ன பேசிக்கொண்டார்களோ, நானும் பாப்பா பக்கத்திலேயே தூங்கிப்போயிருக்கிறேன். கல்யாண வீட்டு ஜாக்கெட்டுகள் இன்னும் கொக்கி வைக்காமல் கிடக்கின்றன. ஞாயிறு வந்து கேட்பார்கள்.