மோகனூர் கொடிக்காலும் மூட்டு வீக்கமும்

நாமக்கல்லில் இருந்து மோகனூருக்குச் சுமார் 18 கிலோமீட்டர். பேருந்து நகரத்தை விட்டு நகரும்போதே கால்நடை மருத்துவக் கல்லூரியும், அதே வளாகத்தில் உள்ள வேளாண்மை அறிவியல் நிலையமும் வந்துவிடும். அதற்கப்புறம் கரும்பு, வாழை, தென்னை. சேலம் கூட்டுறவு சர்க்கரை ஆலையின் புகைபோக்கி தெரிந்தால் ஊர் வந்துவிட்டது என்று அர்த்தம். ஆலையின் பெயரில்தான் சேலம், இருப்பது மோகனூரில். ஊருக்குத் தெற்கே காவிரி. பாலத்தைத் தாண்டினால் கரூர் மாவட்டத்து வாங்கல்.

மாம்பழம் கிடைக்காத கோபத்தில் பழநிக்குக் கிளம்பிய முருகனை, 'மகனே நில்' என்று தாய் அழைத்த இடம் என்பதால் 'மகனூர்' ஆகி, பிறகு மோகனூர் ஆனதாகச் சொல்வார்கள். அந்த மகன் மலையேறிப் போய்விட்டான். இந்த ஊரில் இருக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் 50 வயது தாண்டினால் கோயில் படி ஏறுவதே பெரும்பாடாக இருக்கிறது. கரும்பு வெட்டியவர்கள், சேற்றில் நின்று நாற்று நட்டவர்கள், கொடிக்காலில் ஏணி ஏறி இறங்கியவர்கள் எல்லோருக்கும் முழங்கால் ஒரு கதை சொல்லும்.

அந்த முழங்காலைக் குறிவைத்து இன்று ஒரு பெரிய வியாபாரம் நடக்கிறது. மஞ்சள் சத்து மாத்திரை, மீன் எண்ணெய் மாத்திரை, பெயரே இல்லாத பொட்டலப் பொடி என்று கடைக்குக் கடை கிடைக்கிறது. மஞ்சளும் வெற்றிலையும் விளையும் மாவட்டத்தில், மஞ்சளை டப்பாவில் அடைத்துக் கிராம் கணக்கில் விற்கிறார்கள். வாங்கலாமா, வேண்டாமா என்பதற்கு மோகனூர் சாலையிலேயே பாதி பதில் இருக்கிறது.

முதலில் வீக்கம் என்றால் என்ன என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். முள் குத்திய இடம் சிவக்கிறது, சுடுகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. அது உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளும் வேலை. மருத்துவத்தில் அழற்சி என்பார்கள். புண் ஆறியதும் அடங்கிவிட்டால் நல்லது. அடங்காமல் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மூட்டுக்குள் கனன்றுகொண்டே இருந்தால்தான் தொல்லை.

மாட்டுக்கும் இதே கதைதான். கறவை மாட்டின் மடி வீங்கி, கல்லாகி, பால் திரிந்து வருவதும் அழற்சியே. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் புண்ணியமூர்த்தி, தஞ்சாவூரில் இருந்துகொண்டு மரபுவழி மூலிகை வைத்தியத்தை முறைப்படுத்தினார். அதில் மடிவீக்க மருந்து இன்று நாடு முழுக்கப் போயிருக்கிறது. தேசிய பால்வள மேம்பாட்டு வாரியமும் அதைப் பரிந்துரைக்கிறது. சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். மூன்றையும் அரைத்தால் ஆரத்தித் தட்டில் பார்க்கும் அதே செக்கச் சிவப்பு வரும். அதில் ஒரு கைப்பிடி எடுத்து 150 முதல் 200 மில்லி தண்ணீரில் கரைத்து, மடியில் இருக்கும் பாலை முழுசாகக் கறந்து, கழுவிவிட்டு, மடி முழுக்கப் பூச வேண்டும். ஒரு நாளைக்கு 8 முதல் 10 தடவை, 5 நாள். விழுது தினமும் புதிதாக அரைக்க வேண்டும். கூடவே தினம் 2 எலுமிச்சம்பழத்தை நறுக்கித் தின்னக் கொடுக்கலாம். மாட்டுக்குக் காய்ச்சல் இருந்தாலோ, தீனி எடுக்காமல் நின்றாலோ இதை வைத்துக்கொண்டு நாள் கடத்தாமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டுவிட வேண்டும்.

மாட்டைப் பற்றிப் பேசும்போது இன்னொரு விஷயமும் உண்டு. டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து போட்ட மாடுகள் இறந்ததும், அவற்றைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுச் செத்து விழுந்தன. அதனால்தான் 2006-ல் மத்திய அரசு அந்த மருந்தைக் கால்நடைகளுக்குத் தடை செய்தது. அதே மருந்து மனிதர்களுக்கு இன்றும் உண்டு. மருத்துவர் சொல்லும் அளவில் சில நாள் சாப்பிட்டால் பயன்தான். ஆனால், காலையில் வேலைக்குப் போகும் முன் ஒன்று, ராத்திரி தூங்க ஒன்று என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கி வருடக்கணக்கில் விழுங்குபவர்கள் ஊருக்குப் பத்துப் பேராவது இருப்பார்கள். வெயிலில் வியர்த்து, தண்ணீர் குடிக்காமல் வேலை செய்யும் உடம்புக்கு அது நேராகச் சிறுநீரகத்தில் கை வைக்கும். வயிற்றில் புண்ணும் வரும். மூட்டு வலிக்கு வேறு வழி தேடுவது இதனால்தான் அவசியமாகிறது.

ஆற்றை ஒட்டிப் போனால் கொடிக்கால்கள். ஜேடர்பாளையத்தில் காவிரியில் இருந்து பிரியும் ராஜவாய்க்காலும், அதோடு சேர்ந்த மோகனூர் வாய்க்காலும் பாயும் பூமி இது. பரமத்தி வேலூர் வரைக்கும் வெற்றிலைதான் பெயர் வாங்கித் தந்த பயிர். வெள்ளைக்கொடி, கற்பூரி என்று ரகம் பார்த்து, 100 இலையை ஒரு கவுளியாகக் கட்டி அனுப்புவார்கள். கொடிக்காலுக்குள் நுழைந்தால் வெளியில் அடிக்கிற வெயில் தெரியாது. கொடி படர்வதற்கு முதலில் அகத்தியை வளர்த்துவிடுகிறார்கள். அகத்தி நிழல் கொடுக்கும், ஆட்டுக்குத் தழை கொடுக்கும், வீட்டுக்குக் கீரையும் கொடுக்கும். சுண்ணாம்புச் சத்து நிறைந்த கீரை அது, எலும்புக்கு நல்லது. வேறு மருந்து சாப்பிடும் நாட்களில் அகத்தியை விலக்கி வைப்பது சித்த மருத்துவ வழக்கம்.

வெற்றிலைக்கும் வீக்கத்தைக் குறைக்கும் குணம் உண்டு என்று ஆய்வகச் சோதனைகள் சொல்கின்றன. நெஞ்சுச் சளிக்கு வெற்றிலையை வாட்டிப் போடாத வீடு இந்தப் பக்கம் இல்லை. ஆனால், வெற்றிலையோடு பாக்கு சேர்ந்த நிமிடத்தில் கதை மாறிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, புகையிலை இல்லாமல் பாக்கு மட்டும் வைத்து மடித்த வெற்றிலையையும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்தியிருக்கிறது. பாக்கு மெல்லும் வாயில் உள்தோல் அழன்று, இறுகி, கடைசியில் வாய் திறக்கவே முடியாமல் போகும். கொடிக்கால்காரர்களுக்கு இது கசப்பான செய்திதான். இலை நல்லது, கூட்டாளி சரியில்லை. வெற்றிலையை மிளகு, சீரகம் சேர்த்து ரசத்தில் போட்டுச் சாப்பிடுவதற்கு யாரும் தடை சொல்லவில்லை.

கொடிக்கால் வேலியைச் சுற்றி நடந்தாலே ஒரு மருந்துக் கடை. வேலியில் முடக்கத்தான், மரத்தில் தொற்றிக்கொண்டு பிரண்டை, வாய்க்கால் கரையில் நொச்சி. 2006-ல் சிக்குன்குனியா தமிழ்நாட்டையே முடக்கியபோது, காய்ச்சல் விட்ட பிறகும் மாதக்கணக்கில் மூட்டு வலி நின்றது பலருக்கும் நினைவிருக்கும். வீடுகளில் முடக்கத்தான் தோசை தெரியாதவர்கள் குறைவு. புழுங்கல் அரிசியை ஊறவைத்து, ஒரு கைப்பிடி இலையைச் சேர்த்து அரைத்து ஊற்றினால் போதும். அளவு மீறினால் வயிற்றுப்போக்கு வரும்; வாரம் ஒன்றிரண்டு நாள் நல்லது. பிரண்டையைத் துவையலுக்கு எடுக்கும்போது இளம் தண்டாகப் பார்த்து, நாரை உரித்து, நல்லெண்ணெயில் நன்றாக வதக்கி, புளி சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் நாக்கும் தொண்டையும் அரிக்கும். நொச்சி இலையை வதக்கித் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பது வலிக்கு இதம். இந்த மூலிகைகளில் எலிகளிடம் நடந்த ஆய்வுகளே அதிகம். மனிதர்களிடம் நடந்தவை குறைவு. அதனால் உணவாகச் சாப்பிடலாம். 'பூரண குணம்' என்று யாராவது காசு கேட்டால் நகர்ந்துவிடலாம். கொல்லிமலையில் சூப் வைத்து விற்கிற முடவாட்டுக்காலுக்கும் இதே கணக்குதான். பாறையில் ஒட்டி மெதுவாக வளரும் பெரணி அது. ஊரெல்லாம் வாங்கிச் சாப்பிட ஆரம்பித்தால் பாறைதான் மிஞ்சும்.

இனி மஞ்சள். நாமகிரிப்பேட்டை, ராசிபுரம் பக்கம் விளையும் மஞ்சளுக்கு அறிமுகம் தேவையில்லை. மஞ்சளின் புண் ஆற்றும் குணத்துக்கு 1995-ல் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்துக்குக் காப்புரிமையே கொடுத்துவிட்டார்கள். நம் நாட்டு அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் குழுமம் வழக்காடி 1997-ல் அதை ரத்து செய்ய வைத்தது. வேலை செய்யும் சத்துக்குப் பெயர் குர்குமின். சாதாரண மஞ்சள் தூளில் அது 3 சதவிகிதம் அளவுக்கு இருக்கும். பிரதிபா போன்ற ரகங்களில் 6 சதவிகிதத்தைத் தாண்டும். இதில் ஒரு சிக்கல், சாப்பிடும் குர்குமினில் பெரும்பகுதி ரத்தத்தில் சேராமல் வெளியேறிவிடுகிறது. 1998-ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 2 கிராம் குர்குமினோடு மிளகில் இருக்கும் பைபரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தபோது, ரத்தத்தில் சேர்வது 20 மடங்கு கூடியது. பாலில் மஞ்சளோடு மிளகையும் தட்டிப்போட்ட பாட்டிகள் எந்த ஆய்வகத்துக்கும் போனதில்லை.

தாய்லாந்தில் 367 முழங்கால் தேய்மான நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 2014-ல் வெளியானது. தினம் 1,500 மில்லிகிராம் மஞ்சள் சாறு எடுத்தவர்களுக்கும், 1,200 மில்லிகிராம் இபுபுரூஃபன் எடுத்தவர்களுக்கும் 4 வாரத்தில் ஏறக்குறைய ஒரே பலன் கிடைத்தது. மஞ்சள் எடுத்தவர்களுக்கு வயிற்றுத் தொல்லை குறைவு. மாத்திரைக் கம்பெனிகள் இந்த மாதிரி ஆய்வுகளைத்தான் காட்டும். இன்னொரு பக்கத்தைக் காட்ட மாட்டார்கள். இத்தாலியில் 2019-ல் மஞ்சள் மாத்திரை சாப்பிட்டவர்கள் பலருக்குக் கல்லீரல் அழற்சி வந்தது. அமெரிக்காவிலும் அப்படிப்பட்ட நோயாளிகள் பதிவானார்கள். ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-ல் எச்சரிக்கையே விட்டது. மிளகுச் சத்து சேர்த்து உறிஞ்சலைக் கூட்டிய மாத்திரைகளில் ஆபத்து கூடுதலாக இருக்கலாம் என்பது மருத்துவர்களின் சந்தேகம். ஒரு தேக்கரண்டி மஞ்சள் தூளில் குர்குமின் 100 மில்லிகிராம்கூட வராது. குழம்பில் போடும் மஞ்சளும் மாத்திரை மஞ்சளும் ஒன்றல்ல. குழம்பு மஞ்சள் மருந்து அளவுக்கு எட்டாது. அதனாலேயே அது கல்லீரலையும் தொந்தரவு செய்யாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், பித்தப்பையில் கல் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் மஞ்சள் மாத்திரையைத் தொடவே கூடாது.

அப்படியானால் வலிக்கு வீட்டில் செய்ய என்னதான் இருக்கிறது? பதில் தட்டில் இருக்கிறது, எடையிலும் இருக்கிறது. முழங்கால் தேய்ந்த, எடை கூடிய முதியவர்களிடம் அமெரிக்காவில் நடந்த ஒரு ஆய்வு 2005-ல் வெளியானது. உடம்பில் 1 கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடி வைக்கும்போதும் முழங்காலில் 4 கிலோ சுமை குறைவதை அளந்து காட்டினார்கள். சர்க்கரை ஆலை ஊரில் சொல்லக் கூடாததுதான். ஆனாலும் ஒரு நாளைக்கு ஐந்தாறு டீயில் போகும் சர்க்கரை எடையையும் கூட்டும், யூரிக் அமிலத்தையும் கூட்டும். நாட்டுச் சர்க்கரைக்கும் வெல்லத்துக்கும் இதில் பெரிய விலக்கு கிடையாது. கால் கட்டை விரல் திடீரென்று சிவந்து வீங்குகிறவர்கள் மதுவையும் விட வேண்டும். மீன் சாப்பிடுகிறவர்களுக்கு வாரம் இரண்டு நாள் மத்தி, அயிலை போதும். மீன் எண்ணெய் மாத்திரையில் இருக்கும் ஒமேகா-3 கொழுப்பு அதில் மலிவாகவே கிடைக்கிறது. யூரிக் அமிலத் தொல்லை இருப்பவர்களுக்கு மட்டும் மத்தி ஆகாது.

எல்லா வீக்கமும் சமையலறைக்குரியது அல்ல. காலையில் எழுந்ததும் கைவிரல் மூட்டுகள் ஒரு மணி நேரத்துக்கு மேல் இறுகி இருந்தால், இரண்டு கையிலும் சிறிய மூட்டுகள் ஒரே மாதிரி வீங்கினால், அது தேய்மானமாக இல்லாமல் முடக்குவாதமாக இருக்கலாம். அதற்குச் சீக்கிரமே மருந்து தொடங்காவிட்டால் மூட்டு கோணிவிடும். ஏற்கெனவே மருந்து எடுப்பவர்கள் மூலிகையை நம்பி அதை நிறுத்தக் கூடாது. காய்ச்சலோடு ஒரு மூட்டு மட்டும் நெருப்பாகச் சுட்டால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பொட்டலப் பொடி சாப்பிட்ட இரண்டே நாளில் வலி மாயமானால் சந்தோஷப்படாமல் சந்தேகப்பட வேண்டும். இப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பல நாடுகளில் சோதனையில் பிடிபட்டிருக்கிறது. சித்த மருந்துதான் வேண்டும் என்பவர்களுக்கு அரசு மருத்துவமனைகளில் சித்த மருத்துவப் பிரிவு இருக்கிறது. அங்கே படித்த மருத்துவர் நாடி பார்த்துக் கொடுப்பார்.

மஞ்சள் தூளை வாங்கும்போதும் ஒரு எச்சரிக்கை உண்டு. வங்கதேசத்தில் நிறத்துக்காக மஞ்சளில் ஈய குரோமேட் என்ற சாயம் பூசி விற்றதை 2019-ல் ஆய்வாளர்கள் வெளிக்கொண்டு வந்தார்கள். அரசு சோதனையைக் கடுமையாக்கியதும் 2021-க்குள் அது அந்த நாட்டுச் சந்தைகளில் அடியோடு மறைந்தது. ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். கண்ணைப் பறிக்கும் நிறத்தில் இருக்கும் தூளைவிட, மங்கலான விரலி மஞ்சளை வாங்கி மில்லில் கண்ணெதிரே அரைப்பது பாதுகாப்பு.

நிலம் இருப்பவர்களுக்கு அதைவிடச் சுலபமான வழி, வீட்டுக்கு வேண்டியதை வாழைக்கு ஓரத்தில் தாங்களே நட்டுக்கொள்வது. ஒரு சென்ட்டுக்கு 6 முதல் 8 கிலோ விதை மஞ்சள் வேண்டும். வைகாசி, ஆனியில் நட்டால் தை, மாசியில் வெட்டலாம். நன்றாக வந்தால் சென்ட்டுக்கு 100 கிலோ பச்சை மஞ்சள் கிடைக்கும். வேகவைத்து 10, 15 நாள் காயவைத்தால் 20 கிலோ நிற்கும். ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 2, 3 கிலோவுக்கு மேல் தேவைப்படாது. கால் சென்ட் போதும். மீதி மாட்டு மடிக்கும் மகள் வீட்டுக்கும் ஆகும்.