தொண்ணூறா, தொண்ணூற்றாறா? தாத்தா கேட்ட கேள்வியில் திணறிய பேத்தி!

திருவண்ணாமலை அருணாசலேஸ்வரர் கோயிலில் அன்று கூட்டம் குறைவு. ஓய்வுபெற்ற தமிழாசிரியரான தாத்தா, சுவரில் இருந்த கல்வெட்டின் முன்னால் நின்று எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தார். சென்னையில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் பேத்தி, அதே கல்வெட்டை போனில் படம் எடுத்து, எழுத்தை அடையாளம் காணும் ஆப்பில் போட்டுப் பார்த்தாள். வந்ததெல்லாம் தலையும் வாலும் புரியாத எழுத்துகள்.

"தமிழ்தானே தாத்தா? ஏன் ஒரு வார்த்தைகூட வரல?"

"தமிழ்தான் கண்ணு. ஆனா இதுல புள்ளியும் இல்ல, வார்த்தைக்கு நடுவுல இடமும் இல்ல."

சோழர் காலக் கல்வெட்டுகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே வடிவம்தான். 'ர'வும் துணைக்காலும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். நடுநடுவே கிரந்த எழுத்துகளும் வரும். வடிவத்தை மட்டும் பார்க்கும் கம்ப்யூட்டர் இங்கே தடுமாறிவிடும். பொருள் தெரிந்தவர் படித்துவிடுவார்.

ஆனால், படிக்கத் தெரிந்த தாத்தாவுக்கு இப்போது கண் மங்கி வருகிறது. அவர் படித்து எழுதிவைத்த நோட்டுகள் வீட்டில் ஒரு அலமாரி நிறைய இருக்கின்றன.

"எல்லாத்தையும் நான் டைப் பண்ணிடறேன் தாத்தா. கம்ப்யூட்டருக்குக் கத்துக்கொடுத்தா, சிதைஞ்ச இடத்தைக்கூட அதுவே நிரப்பிடும்."

தாத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"நந்தா விளக்கு எரிக்க ஆடு கொடுத்திருக்காங்க. கல்லுல 'தொண்ணூ' வரைக்கும்தான் இருக்கு, மிச்சம் உடைஞ்சுபோச்சு. உன் கம்ப்யூட்டர் என்ன எழுதும்?"

அணையா விளக்குக்கு ஆடுகளைத் தானமாகக் கொடுப்பது சோழர் கால வழக்கம். ஆடுகளைப் பெற்றுக்கொண்டவர் தினமும் உழக்கு நெய் அளக்க வேண்டும். மந்தையின் எண்ணிக்கை குறையக் கூடாது என்பதால் அவற்றுக்கு 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். ஒரு விளக்குக்கு 90 ஆடுகள் என்றும் கல்வெட்டுகளில் வரும், 96 என்றும் வரும்.

"எது அதிகமா வருதோ, அதைப் போடும். ஆறு ஆடுதானே தாத்தா வித்தியாசம்?"

"ஆறு ஆடு போகட்டும். நாளைக்கு ஒருத்தன் அதைப் படிச்சுட்டு, கல்லே அப்படித்தான் சொல்லுதுன்னு நம்பிடுவானே!"

உலகம் முழுக்க மொழி அறிஞர்களும் கம்ப்யூட்டர் வல்லுநர்களும் ஒன்றாக உட்கார்ந்து யோசிக்கும் விஷயம் இது. 1949-லேயே இத்தாலியப் பாதிரியார் ராபர்ட்டோ பூசா, ஐ.பி.எம் நிறுவனத்தின் உதவியோடு தாமஸ் அக்வினாஸின் நூல்களுக்குச் சொல்லடைவு செய்யும் வேலையில் இறங்கினார். திருவண்ணாமலைக் கல்வெட்டுகளைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1990-ல் புத்தகமாகவே கொண்டுவந்தது. ஐரோப்பிய ஆய்வு மன்றத்தின் நிதியில் 2019-ல் தொடங்கிய 'தர்மா' திட்டம், தமிழ் உட்பட பல மொழிக் கல்வெட்டுகளை 'எபிடாக்' என்ற முறையில் கம்ப்யூட்டரில் ஏற்றியது. கல்லில் தெரியும் எழுத்து, சிதைந்த எழுத்து, ஆய்வாளர் தானாக நிரப்பிய எழுத்து என ஒவ்வொன்றுக்கும் இந்த முறையில் தனித்தனிக் குறி உண்டு. மா, காணி போன்ற பழைய தமிழ்ப் பின்னங்களின் குறியீடுகள் யூனிகோடில் இடம்பிடித்ததும் அதே 2019-ல்தான். எழுத்தும் தெரிந்து, கம்ப்யூட்டரும் தெரிந்தால்தான் இதெல்லாம் நடக்கும்.

அன்று ராத்திரி பேத்தி இதைப் படித்துக் காட்டியதும், தாத்தா எழுந்துபோய் முதல் நோட்டை எடுத்துவந்தார். அவர் படிக்க, அவள் டைப் செய்தாள். நாலாவது வரியில் நிறுத்தினார்.

"இங்க நான் 'நெய்'னு எழுதியிருக்கேன். கல்லுல அது இல்ல, நானா ஊகிச்சதுதான். அதுக்கும் அந்தக் குறியைப் போட்டுடும்மா."

அவள் போட்டாள்.