மாவு மெஷினும் அம்மாவும்

எங்கள் வீட்டுச் சமையற்கட்டில் அந்த மெஷின் ஓடத் தொடங்கினால் போதும், என் தாயார் எழுந்து முன்வாசலுக்குப் போய்விடுவார். அவருக்கு இப்போது 83 வயது. காது அவ்வளவாகக் கேட்காது. தொலைக்காட்சியை அலறவிட்டு நாடகம் பார்க்கிறவர், இந்தச் சின்ன மெஷினின் இரைச்சலை மட்டும் தாங்கமாட்டார். வயசான காலத்தில் சத்தம் ஆகவில்லை போலிருக்கிறது என்று நானும் என் மகளும் பேசிக்கொண்டோம். காரணம் சத்தம் அல்ல என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு ஏழெட்டு மாதம் ஆயிற்று.

மெஷின் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மகள் கோலாலம்பூரில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை பார்த்தாள். 2020-ல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது ஆள் குறைத்தார்கள். குறைத்தவர்களில் அவளும் ஒருத்தி. கிள்ளானில் என் வீட்டுக்கே திரும்பி வந்தாள். மனுப் போட்டுப் போட்டு அலுத்த பிறகு, மறு வருஷம் ஒரு நாள் கனமான பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். யாரோ ஆசைக்கு வாங்கிப் பரணில் போட்டிருந்ததைப் பாதி விலைக்குப் பிடித்திருக்கிறாள். பாஸ்தா மாவு உருட்டும் மெஷின். கைப்பிடி போட்டுச் சுற்றுகிற இடத்தில் ஒரு மோட்டார் பொருத்தியிருந்தது.

"வீட்டிலேயே செய்து விற்கப் போகிறேன் அம்மா" என்றாள். எனக்கு நம்பிக்கை இல்லை. கையிருப்பில் இருந்த கொஞ்ச வெள்ளியையும் இரும்பில் போட்டுவிட்டாளே என்றுதான் நினைத்தேன்.

பாஸ்தா என்ற பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். சீனர் கடையில் பான் மீ சாப்பிட்டிருக்கிறீர்கள் அல்லவா? கோதுமை மாவைப் பிசைந்து, தேய்த்து, நாடாவாக வெட்டி, கொதிநீரில் போட்டு எடுப்பது. அதற்கு இது தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மளிகைக் கடையில் பாக்கெட்டில் விற்கிற காய்ந்த பாஸ்தா, டூரம் என்னும் கெட்டிக் கோதுமையின் ரவையில் தண்ணீர் மட்டும் விட்டுச் செய்வது. என் மகள் செய்வது வேறு வகை. மென்மையான கோதுமை மாவும் முட்டையும் சேர்த்து, ஈரத்தோடு அன்றன்றைக்குச் செய்வது. இத்தாலியில் பொலோன்யா என்ற நகரம் இதற்குப் பேர் போனது. அங்கே நீண்ட கட்டையால் மாவைத் தேய்க்கும் பெண்களுக்கு 'ஸ்போலினா' என்று தனிப் பெயரே உண்டு. தால்யாத்தெல்லே என்கிற நாடா வெந்த பிறகு 8 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்று 1972-ல் அந்நகர வர்த்தக சபையில் பதிவு செய்து, அளவுக்குப் பொன்னில் ஒரு மாதிரியும் செய்து வைத்திருக்கிறார்கள். இதை மகள் படித்துச் சொன்னபோது என் தாயார், "மாவு நாடாவுக்குத் தங்கமா!" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மெஷின் ஓடாத வேளைகளில் அவருக்கு இந்தக் கதைகள் எல்லாம் பிடிக்கும்.

செய்முறைக்கு வருகிறேன். 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை. உடைத்து எடுத்த முட்டை 50 கிராம் வாக்கில் இருக்க வேண்டும். நம் ஊர் முட்டையில் பெரிசும் சின்னதும் கலந்து வருவதால் நிறுத்துப் போடுவது நல்லது. தண்ணீர் வேண்டாம். மாவைக் குவித்து, நடுவில் குழி பறித்து, முட்டையை ஊற்றிக் கலக்கி, பிறகு கை வலிக்கப் பத்து நிமிடம் பிசைய வேண்டும். சப்பாத்தி மாவைவிட இறுக்கமாக இருக்க வேண்டும்.

இங்கேதான் நான் முதலில் சறுக்கினேன். சப்பாத்திக்குப் பழகிய கை. மாவு இளகினால்தான் எனக்குத் திருப்தி. மகள் பார்க்காத நேரம் இன்னொரு முட்டையை உடைத்து ஊற்றினேன். உருளைக்குள் போன மாவு பசை மாதிரி அப்பிக்கொண்டது. அதைச் சுரண்டி எடுப்பதற்குள் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

பிசைந்த மாவை மூடி அரை மணி நேரம் வைக்க வேண்டும். கோதுமையில் குளூட்டன் என்கிற பசைச்சத்து இருக்கிறது. பிசையப் பிசைய அது முறுக்கிக்கொள்ளும். ஓய்வு கொடுத்தால் தளர்ந்து சொன்னபடி கேட்கும். பிறகு உருளைகளின் இடைவெளியை அகலமாக வைத்து ஒரு தடவை விட்டு, வந்ததை மூன்றாக மடித்து மறுபடி விட்டு, இப்படி நாலைந்து முறை. அதன் பின் ஒவ்வொரு எண்ணாக இடைவெளியைக் குறைத்துக்கொண்டு போக வேண்டும். எங்கள் மெஷினில் 1 என்பது அகலம். நாங்கள் 6-ல் நிறுத்திக்கொள்வோம். அவசரப்பட்டு 2-லிருந்து 5-க்குத் தாவினால் கிழிந்துவிடும். தாவாமலே எனக்குக் கிழிந்தது. ஒரு பக்கம் சுருங்கும், நடுவில் ஓட்டை விழும், ஓரம் பிசிறும். மகள் செய்தால் பட்டுத்துணி மாதிரி வரும்; நான் செய்தால் பீற்றல் துணி.

இந்த மெஷின் வேறு எதையோ நினைவூட்டுகிறதே என்று தோட்டத்துச் சகோதரிகளில் வயதானவர்கள் இந்நேரம் யோசித்திருப்பீர்கள். எனக்குத்தான் அது மண்டையில் ஏறவில்லை.

அன்று சனிக்கிழமை. ஒரு பிறந்தநாள் விருந்துக்கு 3 கிலோ கேட்டிருந்தார்கள். 2 கிலோ மாவு, 20 முட்டை. அதுவரை வந்ததில் அதுதான் பெரிய ஆர்டர். இன்னொரு வீட்டுக்குக் கொடுக்க வேண்டியதை எடுத்துக்கொண்டு மகள் வெளியே போயிருந்தாள். அவள் வருவதற்குள் பாதியையாவது உருட்டி வைப்போம் என்று மெஷினைப் போட்டேன். மாவு உருளையில் பிடிபடாமல் மேலேயே வழுக்கிக்கொண்டு நின்றது. விரலால் ஒரு தள்ளுத் தள்ளினால் போய்விடும் என்று கையைக் கொண்டுபோனேன்.

"கைய எடு புள்ள!"

அப்படி ஒரு குரலை நான் அம்மாவிடம் கேட்டதே இல்லை. திரும்பிப் பார்த்தேன். வாசலில் இருந்தவர் எப்படி அவ்வளவு சீக்கிரம் வந்தாரோ, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"இத நிறுத்துறது எங்க?" என்று கேட்டார்.

சுவிட்சு மேசைக்கு அந்தப் பக்கம், சுவரில் இருந்தது. மெஷினைத் தாண்டிக் கையை நீட்டித்தான் நான் அதை அணைத்தேன். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, வலது கையை மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டார். அது அவருடைய நெடுநாள் பழக்கம்.

அம்மாவின் வலது கை ஆள்காட்டி விரலில் மேல் கணு இல்லை. "ஷீட்டு மெஷின்ல போச்சு" என்பார். அதற்கு மேல் எதுவும் சொல்லமாட்டார். அது 1971-ல் நடந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது.

இன்றைய பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை. அந்தக் காலத்தில் தோட்டத்து ஸ்டோருக்கு வந்த ரப்பர் பாலை வடிகட்டி, தண்ணீர் கலந்து, ஆசிட் ஊற்றித் தொட்டிகளில் உறைய விடுவார்கள். மறுநாள் காலையில் தயிர்க்கட்டி போல் உறைந்ததை எடுத்து உருளைகளுக்குள் விடுவார்கள். ஒவ்வொரு ஜோடி உருளைக்கும் இடைவெளி குறைந்துகொண்டே போகும். கடைசி உருளையில் கோடு வெட்டியிருக்கும். ஷீட்டில் கோடு விழுந்தால் சீக்கிரம் காயும். பிறகு புகைக்கூடத்தில் கழிகளில் தொங்கவிட்டு நாலைந்து நாள் புகை போட்டால், வெள்ளை ஷீட்டு தேன் நிறத்துக்கு வரும். மழை பெய்து வெட்டு இல்லாத நாளில் புகைக்கூடத்துப் பக்கம் விளையாடப் போவோம். அந்த வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. தோட்டம் இப்போது செம்பனையாகிவிட்டது.

அம்மா மரம் வெட்டப் போனவர்தான். கை சுறுசுறுப்பைப் பார்த்து ஸ்டோரில் போட்டார்கள். உருளையில் கட்டியை விடுவது அவர் வேலை. அன்று காலையில் ஒரு கட்டி வழுக்கிக்கொண்டு நின்றதாம். விரலால் தள்ளியிருக்கிறார்.

"நிறுத்துற கட்டை அந்தப் பக்கம் இருந்திச்சு. அங்க நின்ன அண்ணன் ஷீட்டு அடுக்கப் போயிருந்தாரு. நான் கத்துறது மெஷின் சத்தத்துல கேக்கல. அவரு ஓடி வந்து நிறுத்துற வரைக்கும் நான் கைய இழுத்துக்கிட்டே நின்னேன்."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு கிராணி புத்தகத்தில் எழுதி, வாசித்துக் காட்டினாராம். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அதில் ஒரு வார்த்தைதான் அவர் நினைவில் நின்றது: கவனக்குறைவு. அதற்குப் பின் ஸ்டோர் வேலை போய்விட்டது. புல் வெட்டப் போட்டார்கள். சம்பளமும் குறைந்தது. இயந்திரத்தின் ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்புப் போட வேண்டும் என்று 1967-லேயே நம் நாட்டில் சட்டம் எழுதியிருந்தார்கள் என்பதை நான் பின்னாளில்தான் படித்தேன். ஆனால் அம்மாவோ, கேட்கிறவர்களிடம் எல்லாம் "நான்தான் பாக்காம வெச்சிட்டேன்" என்றே சொல்லி வந்தார். நானும் அப்படியே நம்பி வளர்ந்தேன்.

"கட்டை அந்தப் பக்கம் இருந்ததை ஏம்மா இத்தனை நாளாகச் சொல்லவில்லை?"

"யாரு கேட்டா?"

எனக்குப் பதில் வரவில்லை. மாவு காய்ந்துகொண்டிருந்தது. அம்மாதான் முதலில் எழுந்தார். "மெஷினத் திருப்பு. சுவிட்சு நம்ம கைப்பக்கம் வரட்டும்" என்றார். மேசையையே இழுத்துத் திருப்பிப் போட்டோம். என் வளையல்களைக் கழற்றச் சொன்னார். சட்டைக் கையை மடிக்கச் சொன்னார். பிறகு மாவைத் தொட்டுப் பார்த்து, முன்பக்கத்தை நாக்குப் போல் மெல்லிசாகத் தட்டினார். "மொனை தடிமனா இருந்தா உருள புடிக்காது. மொனைய மட்டும் காட்டு, அதுவா இழுத்துக்கும்."

அது இழுத்துக்கொண்டது.

கீழே வந்ததை நான் வழக்கம்போல் பிடித்து இழுத்தேன். "இழுக்காத! அது வர்ற வேகத்துக்குக் கை போகணும்." உள்ளங்கையில் பிடிக்காமல் புறங்கையில் தாங்கி, பின்னால் நகர்ந்து காட்டினார். ஐம்பது வருஷத்துக்கு மேல் உருளைப் பக்கமே போகாதவர். அந்தக் கை ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. ஒரு தகடு முடிந்ததும் சன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஸ்டோரில் குமிழியும் குப்பையும் இருக்கிறதா என்று அப்படித்தான் பார்ப்பார்களாம். "இன்னும் ஒரு தரம் விடு" என்றார்.

மகள் திரும்பி வந்தபோது, இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே துடைத்த கழிகளைக் கட்டி, வரிசையாக மாவு ஷீட்டுகள் தொங்கிக்கொண்டிருந்தன. பாட்டியின் முழங்கை வரை மாவு. அவள் வாயடைத்துப் போய் நின்றாள். பிறகு கைப்பேசியை எடுத்துப் படம் பிடிக்கப் போனாள். பாட்டி வலது கையை மறைக்கவில்லை என்பதை நான் கவனித்தேன்.

தொங்கவிட்டது கொஞ்சம் உலர்ந்ததும் வெட்டும் உருளையில் விட்டு நாடாவாக்க வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பதால் ரவை தூவி உதிர்த்து வைக்கிறோம். பச்சை முட்டை சேர்ந்தது, வெளியே வைக்கக் கூடாது. ஐஸ் பெட்டியில் வைத்து ஓரிரு நாளில் சமைத்துவிட வேண்டும். நிறையத் தண்ணீரில் உப்புப் போட்டுக் கொதிக்கவிட்டு, இரண்டு மூன்று நிமிடம்தான். குழைய விட்டால் கூழ். விருந்து வீட்டில் தக்காளிச் சாறோடு சாப்பிட்டார்களாம். பாட்டி தம் பங்குக்கு முந்தின நாள் கோழிக் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, "மீ மாதிரி இல்ல, நல்லாத்தான் இருக்கு" என்றார்.

ஒரு விஷயத்தில் மட்டும் பாட்டிக்கும் பேத்திக்கும் இன்றுவரை தகராறு தீரவில்லை. வேலை முடிந்த கையோடு உருளைகளைத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும் என்பது பாட்டியின் கட்சி. ரப்பர் உருளையை அப்படித்தான் கழுவினார்கள். இந்த மெஷினில் தண்ணீர் பட்டால் துருப் பிடித்துவிடும். மாவு காய்ந்ததும் தூரிகையால் தட்டி எடுக்க வேண்டும். அன்றைக்கு அவர் ஒரு சொம்புத் தண்ணீரோடு வர, மகள் குறுக்கே விழுந்து தடுத்தாள். "கழுவாத மெஷினெல்லாம் ஒரு மெஷினா?" என்று பாட்டிக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது சுவிட்சு வைத்த நீள ஒயர் ஒன்று வாங்கிவிட்டோம். அது பாட்டியின் நாற்காலிப் பக்கம் இருக்கிறது. சனிக்கிழமைகளில் மகள் விடுவாள், நான் வாங்குவேன். போடுவதும் நிறுத்துவதும் பாட்டி. யாருடைய விரலாவது உருளைக்கு நாலு அங்குலம் கிட்டே போனால் டக்கென்று அணைத்துவிடுவார். அவசர வேலை நேரத்தில் எங்களுக்குக் கோபம்கூட வரும்.

போன வாரம் 4 கிலோ ஆர்டர். பாதி வேலையில் மெஷின் நின்றுவிட்டது. என்னவென்று இருவரும் திரும்பிப் பார்த்தோம். பாட்டி சுவிட்சை அணைத்துவிட்டு, நிதானமாக வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தோம்.