ஆச்சி தேர்ந்தெடுத்த துப்பாக்கி

மேலகரம்,
ஆடி 4

என் தங்கக் கோமுவுக்கு,

நீ போனில் பேசி அனுப்பினதை மூணு தடவை கேட்டேன். பதிலுக்கு நானும் பேசியே அனுப்பியிருப்பேன், ஆனா இந்த வீட்டுல ஒரு மூலையில சீரியல், இன்னொரு மூலையில பேத்தியோட வாய்ப்பாடு, நடுவுல நான் "துப்பாக்கி, தோட்டா"ன்னு பேசினா பக்கத்து வீட்டுக்காரி என்ன நினைப்பா சொல்லு. அதான் பேப்பரும் பேனாவுமா உக்காந்துட்டேன்.

இங்க சாரல் விட்டு விட்டு அடிக்குது. கொடியில போட்ட துணி மூணு நாளா காயலை, வீடு முழுக்க ஈரத்துணி வாடை. பேரருவியில தண்ணி ஆர்ச்சைத் தாண்டி விழுதுன்னு நேத்து குளிக்க விடலை, வந்த கூட்டமெல்லாம் ஐந்தருவிக்குத் திரும்பி, நான் ஒரு கிலோ ரம்புட்டான் வாங்கப் போயி ஒண்ணரை மணி நேரம் ஆட்டோவுல உக்காந்து கிடந்தேன். சரி, அதை விடு. உன் கதைக்கு வாரேன்.

உங்க வீட்டு அண்ணன் அணில் வேட்டைக்குத் துப்பாக்கி வாங்கப் போறாராமே! பென்சில்வேனியா போயி இருபது வருசத்துக்கு அப்புறம் இப்படி ஒரு ஆசை வருமா ஒரு மனுசனுக்கு? அணிலைச் சுடுறதுன்னு கேட்டதுமே எனக்குப் பக்குன்னு ஆச்சு. அந்த ஊரு அணிலுக்கு முதுகுல கோடு கிடையாது, அதனால ராமருக்கும் அதுக்கும் சம்பந்தமில்லைன்னு அவர் சொன்னாராமே, அதைக் கேட்டுச் சிரிச்சுக்கிட்டே பாலைப் பொங்க விட்டேன். ஆனா நீ என்கிட்ட கேட்டது சரிதான் ஏட்டி. நம்ம செட்டுல வீட்டுல துப்பாக்கி வச்சிருந்தது நாங்கதானே.

எங்க தாத்தா கிராம முன்சீப்பா இருந்தது உனக்குத் தெரியும். முதல்ல அவர்கிட்ட இருந்தது பன்னிரண்டு போர் இரட்டைக் குழல். தோட்டாவுக்குள்ள ரவை ரவையா இருக்கும், சுட்டா விசிறி மாதிரி விரிஞ்சு போகும். பறக்கிற கௌதாரிக்கு அதுதான் தோது. ஆனா உக்காந்திருக்கிற முயலை அதால அடிச்சா கறி முழுக்க ஈயம். ஆச்சி ஒவ்வொரு ரவையா விரலால தடவித் தடவி எடுப்பா, அப்படியும் ஒண்ணு தப்பிச்சு, எங்க பெரிய அத்தை கல்யாணம் பேசி முடிச்சு சம்பந்தி வீட்டார் வந்த அன்னைக்கு, சம்பந்தி தாத்தாவோட கடைவாய்ப் பல்லுல போயி மாட்டிச்சு. பல்லு போச்சு. கல்யாணம் எப்படியோ நடந்துச்சு, ஆனா அன்னைக்கு ராத்திரி ஆச்சி சொல்லிட்டாளாம்: "இனிமே ஒரே ஒரு குண்டு போற துப்பாக்கியா இருந்தா கொண்டாங்க, இல்லைன்னா சமைக்க வேற ஆளைப் பாருங்க."

அப்படித்தான் எங்க வீட்டுக்குப் பாயிண்ட் டூ டூ வந்துச்சு. எஸ்டேட்டை விட்டுட்டுச் சீமைக்குப் போன ஒரு துரைகிட்ட பழசா வாங்கினது, பி.எஸ்.ஏ. ஆமாட்டி, மோட்டார் சைக்கிள் போட்ட அதே பர்மிங்காம் கம்பெனிதான். அவன் முத்திரையே மூணு துப்பாக்கியைச் சாச்சு நிறுத்தினதுதான். வேட்டைத் துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்கிறதைப் பத்தி ஆம்பளைங்க எவ்வளவோ பேசுவாங்க, எங்க வீட்டுல தேர்ந்தெடுத்தது அடுப்படி.

அண்ணன் "ரிம்ஃபயர், ரிம்ஃபயர்"னு சொல்றாரே, அது என்னன்னு கேட்டியே. தீபாவளிக்குப் பொட்டு வெடி வச்சு அடிப்போமே, அந்தப் பொட்டு மருந்து பெரிய தோட்டாவுல அடிப்பக்கம் நடுவுல தனிக் கிண்ணமா இருக்கும். இதுல தனிக் கிண்ணம் கிடையாது, பித்தளைக் கூடோட அடி விளிம்பு மடிப்புக்குள்ளயே அந்த மருந்தைச் சுத்திப் பூசியிருப்பான். ஊசி விளிம்பைத் தட்டி நசுக்கினதும் பத்திக்கும். நசுங்கின கூட்டைத் திரும்ப நிரப்ப முடியாது, ஆனா செய்யச் சுளுவு, அதனால விலையும் சல்லிசு. காலிக் கூட்டை உதட்டுல வச்சு நான் விசில் ஊதுவேன், ஞாபகம் இருக்கா? குழல் அகலம் 0.22 அங்குலம், அதாவது 5.6 மில்லி மீட்டர். குண்டு 40 கிரெயின், நம்ம கணக்குல ஒரு பவுன்ல மூணுல ஒரு பங்குகூட வராது. ஒரு ஜிமிக்கி எடை!

ரிம்ஃபயர்லயே பல தினுசு. நீ அனுப்பின பட்டியலை எங்க தம்பி மகன்கிட்ட காட்டினேன், அவன் ரைபிள் கிளப்புக்குப் போயி இதே ரகத் துப்பாக்கியால 50 மீட்டர் சுடுறவன். பத்து மார்க் வட்டம் வெறும் 10.4 மில்லி மீட்டர்தானாம், என் மூக்குத்தியைவிடக் கொஞ்சம் பெரிசு. அவன் சொன்னது: 1887லயே வந்த லாங் ரைபிள் தோட்டா போதும், அணிலுக்கு அதுவே தாராளம். அண்ணன் ஆசைப்படுற மேக்னம் 1959ல வந்தது, வேகம் ஜாஸ்தி, விலையும் ஜாஸ்தி, கிட்டத்துல அடிச்சா சின்ன உசுருல கறின்னு எதுவும் மிஞ்சாது. 2002ல வந்த பாயிண்ட் ஒன் செவன் இன்னும் வேகம். தூரத்துல நிக்கிறதைக் குறி வைக்கத்தான் அது. ஆச்சி இருந்தா ரெண்டையும் வாசல்லயே நிறுத்தியிருப்பா.

பத்து குண்டு தானா அடுத்தடுத்து ஏறுற துப்பாக்கியையும் அவர் பார்த்து வச்சிருக்கார் போல. வேண்டாம்னு சொல்லு. கையால போல்ட்டை இழுத்து ஒவ்வொண்ணாப் போடுற ரகம் வாங்கச் சொல்லு. பத்து தோட்டா இருக்குன்னா முதல் தோட்டாவுக்கு மரியாதை போயிரும்னு தாத்தா சொல்லுவார். அதோட போல்ட்டைத் திறந்து வச்சா உள்ள தோட்டா இருக்கா இல்லையான்னு எதிர நிக்கிற பொம்பளைக்கும் தெரியும். வாசப்படி ஏறுறதுக்கு முன்னாடி திறந்து ஆச்சிகிட்ட காட்டணும், அதுதான் எங்க வீட்டுச் சட்டம்.

எடை விஷயத்துல நமக்கே அனுபவம் இருக்கே! பாளையங்கோட்டை காலேஜ்ல என்.சி.சி. கேம்ப்புல, தரையில குப்புறப் படுத்து ஆளுக்கு அஞ்சு ரவுண்டு. அதுவும் இதே பாயிண்ட் டூ டூதான், ஆனா பட்டாளத்து ரைபிள் கட்டை, நாலு கிலோ இருக்கும். தோள்பட்டை கழண்டுரும்னு சீனியர் அக்கா பயமுறுத்தினதுல நீ முதல் ரவுண்டுக்கே கண்ணை மூடிக்கிட்டே, கடைசியில தோளுக்கு ஒண்ணும் ஆகலை. உன் அஞ்சு குண்டும் என் அட்டையில விழுந்து, நான் பத்து ஓட்டையோட பேர் வாங்கினதை இன்னும் யாருக்கும் சொல்லலை. கனமான துப்பாக்கி படுத்துச் சுட ஆடாம நிக்கும், காலையில இருந்து தோள்ல தூக்கிட்டுக் காட்டுல நடக்கிறவருக்கு ரெண்டு, ரெண்டரை கிலோவே போதும். கடையில அண்ணன் கண்ணை மூடிக்கிட்டுத் தோள்ல வச்சுப் பார்க்கட்டும், கண்ணைத் திறந்ததும் குறி நேரா கண்ணுக்கு முன்னால நின்னா அதுதான் அவருக்கு அளவு. ரவிக்கை மாதிரிதான், அடுத்தவ அளவு நமக்கு ஒத்து வராது.

தோட்டாவும் அப்படியே. ஒரே துப்பாக்கி ஒரு கம்பெனித் தோட்டாவைக் கும்பலா ஒரே இடத்துல போடும், இன்னொரு கம்பெனிதைச் சிதறடிக்கும். எங்க செவலைப் பசு எள்ளுப் புண்ணாக்கு வச்சாத்தான் பால் தரும், கடலைப் புண்ணாக்கை மோந்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கும், அது மாதிரி. நாலு தினுசுல ஒவ்வொரு டப்பா வாங்கிச் சுட்டுப் பார்த்துட்டு அப்புறம் மொத்தமா வாங்கச் சொல்லு. மழைக்காலத்துல தாத்தா தோட்டாவை ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு இறுக்கி மூடுவார். குழலுக்குத் தையல் மெஷின் எண்ணெய், அது ஆச்சியோட எண்ணெய், அதுக்கு வருசா வருசம் ஒரு சண்டை.

ஒண்ணு மட்டும் நீயே அண்ணன்கிட்ட உக்காந்து சொல்லணும். இந்தக் குண்டு ஜிமிக்கி எடைதான், சத்தமும் பலகையில கட்டை அடிச்ச மாதிரிதான், அதனாலயே ஆளு ஏமாந்துருவாங்க. தோட்டா டப்பாவுலயே ஒன்றரை மைல் வரைக்கும் ஆபத்துன்னு போட்டிருக்கும். நம்ம தென்காசிக் கோவில் வாசல்ல இருந்து குற்றாலம் போற தூரத்துல ஏறக்குறைய பாதி! மரத்து உச்சியில அணில் உக்காந்திருக்கு, பின்னால வெறும் ஆகாசம்னா சுடவே கூடாது. தப்பின குண்டு யார் வீட்டு ஓட்டுல போய் இறங்கும்னு யாருக்குத் தெரியும்? பின்னால அடிமரமோ மண் மேடோ இருக்கணும். தண்ணியில பட்டாலும் பாறையில பட்டாலும் தெறிச்சு வேற பக்கம் போகும். நம்ம ஊருல குளமும் பாறையும் இல்லாத திசை ஏது? அதனால தாத்தா பாதி நாள் வெறுங்கையோடதான் வருவார். முயல் நின்னுச்சு, பின்னால குளம் இருந்துச்சும்பார். ஆச்சி ஒண்ணும் பேசாம ரசத்தைச் சுட வைப்பா.

அதெல்லாம் ஒரு காலம். 1972ல வனவிலங்குச் சட்டம் வந்தப்பகூட சிறு வேட்டைன்னு தனி லைசென்ஸ் வச்சிருந்தான், 1991ல திருத்தம் போட்டு வேட்டை லைசென்ஸையே எடுத்துட்டான். தாத்தா கணக்கு ஒண்ணு சொல்லுவார்: 1980ல எம்.ஜி.ஆர். முன்சீப் வேலையை எடுத்தார், 1991ல டெல்லி வேட்டையை எடுத்துச்சு, அதுக்கப்புறம் ஆண்டவன் கண்ணை எடுத்தான், மூணு பேரும் என்கிட்ட கேக்கவே இல்லைன்னு. ஆனா சட்டம் வந்த மறுநாள்ல இருந்து துப்பாக்கியை முயல் பக்கம் திருப்பலை, முன்சீப் புத்தி. இப்ப முயலைத் தொட்டா ஜெயில்தான், அந்தப் பக்கம் மலை பூராவும் 2015ல இருந்து நெல்லை வனவிலங்கு சரணாலயம் வேற. மயிலு மாத்திரம் நம்ம நெல்லுல வந்து இறங்கி நிதானமாச் சாப்பிட்டுப் போகுது, கைதட்டினா நம்மளைத்தான் முறைக்குது. காடை வேணுங்கிறவங்க பிரானூர் பார்டர்ல புரோட்டாவோட பண்ணைக் காடையைச் சாப்பிட்டுட்டு வாராங்க, ரவையும் இல்லை குண்டும் இல்லை, சம்பந்தி பல்லுக்குச் சேதாரமும் இல்லை.

நெனச்சுப் பார்த்தா நம்ம ஊரு வேட்டைக்காரன்னா சிங்கன்தானே. நம்ம மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் குறவஞ்சியில அவனை எவ்வளவு அலட்டலாக் கொண்டாந்து நிறுத்துறார்! கூட நூவன்னு ஒரு ஆள், கையில கண்ணி, வந்து இறங்குற பறவைக்கெல்லாம் பேர் சொல்லிக் கூப்பாடு, கடைசியில பார்த்தா மனசெல்லாம் சிங்கி மேல. அந்தப் பாட்டுக்குத்தான் நாயக்க ராஜா நிலம் எழுதிக் கொடுத்தது, குறவஞ்சி மேடுன்னு பேரு. ஒரு பறவையும் பிடிக்காம நிலம் வாங்கின வேட்டை அது ஒண்ணுதான்.

எங்க துப்பாக்கி எங்கன்னு கேட்டியே. தாத்தாவுக்கு அப்புறம் தம்பி பேருக்கு லைசென்ஸ் மாத்தறதுக்குள்ள ஒரு ஆபீஸ்ல அவனை நடக்க விட்ட நடையில ரெண்டு ஜோடி செருப்பு தேஞ்சுது. அது மாறினதுக்கப்புறமும் ஒவ்வொரு எலெக்ஷனுக்கும் அதைப் போலீஸ் ஸ்டேஷன்ல கொண்டு ஒப்படைக்கணும், முடிஞ்சதும் திரும்ப வாங்கணும். பிள்ளைத்தாச்சிப் பொண்ணு மாதிரி போறதும் வாரதும்தான் அதுக்கு வேலை. தம்பி சலிச்சுப் போயி ஒப்படைச்சே விடலாம்ங்கிறான். நான்தான் அடுத்த எலெக்ஷன் வரட்டும்னு இழுத்துக்கிட்டு இருக்கேன். போன வாரம் உறையைப் பிரிச்சுப் பார்த்தோம், அந்தத் தையல் மெஷின் எண்ணெய் வாடை அப்படியே இருக்குடி. ஆச்சி மேல அடிக்கிற வாடை.

அங்க வேட்டைக்குப் போறதுக்கு முன்னால வகுப்புல உக்காந்து பாஸ் பண்ணணும், காட்டுக்குள்ள பளிச்சுனு ஆரஞ்சுச் சட்டை போடணும்னு சொன்னியே, கேக்கவே நல்லா இருந்துச்சு. அண்ணன் எத்தனை மார்க் வாங்கினார்னு மறைக்காம எழுது. அணிலைக் கொண்டு வந்தா உரிக்கிறது அவர் வேலைன்னு இப்பவே பேசி முடிச்சுக்கோ, துப்பாக்கி வந்ததுக்கு அப்புறம் பேசினா எடுபடாது. கார்த்திகையில வாரேன்னியே, வரும்போது அந்த ஆரஞ்சுச் சட்டை ஒண்ணு எனக்கும் வாங்கிட்டு வா. ஐயப்பசாமி வேனெல்லாம் செங்கோட்டை ரோட்டுல பறக்கிற பறப்புல, பால் வாங்க ரோட்டைத் தாண்ட எனக்கு அது வேணும்.

உன்
மேலகரத்துக்காரி