காப்பகம் மூடினால் பூனைகள் எங்கே போகும்?

பூனைக் காப்பகம் ஒன்றை மூடும்போது முதல் வேலை, இருக்கும் பூனைகளைக் குணம் பார்த்துப் பிரிப்பது. மடியில் ஏறிப் படுப்பவற்றுக்கு வீடு பிடிப்பது பெரிய பாடில்லை. அவற்றிலும் வயதானவையும் நோயுள்ளவையும்தான் தங்கிவிடும். தலைவலியெல்லாம் மனித வாடையே ஆகாத பூனைகளால்தான். பிறந்த 2 முதல் 7 வாரத்துக்குள் ஆள் பழகாத குட்டி, வளர்ந்தபின் வீட்டுக்குள் அடங்குவது அரிது.

அமெரிக்காவில் இவற்றைக் குதிரை லாயம், பண்ணைக் கொட்டகை, கிடங்கு என்று அனுப்புகிறார்கள். கருத்தடையும் ரேபிஸ் தடுப்பூசியும் முடிந்திருக்கும். கருத்தடைக்கு அடையாளமாகக் காது நுனியை வெட்டியிருப்பார்கள். எலி பிடிக்கிறதே என்று தீனி போடாமல் விடக்கூடாது.

புது இடத்தில் உடனே திறந்துவிட்டால் பழைய இடம் தேடி ஓடிவிடும். அதனால் 2 முதல் 4 வாரம் பெரிய கூண்டில்தான் வாசம்: உள்ளே மண் தட்டு, பதுங்க ஒரு பெட்டி, தினமும் அதே நேரத்துக்குத் தீனி. முதல் சில இரவுகள் கம்பியில் முட்டி மோதும். இரக்கப்பட்டுத் திறந்தால் பூனை போனது போனதுதான். பழகிய ஜோடியைப் பிரிக்காமல் சேர்த்தே அனுப்புவது வழக்கம்.