முறிந்த அச்சின் சாட்சியம்

மிதிவண்டியின் பாகம் ஒன்று முறிந்தால், அவ்வேளை அதை ஓட்டியவர் மீதே முதலில் பழி விழுகிறது. உண்மையோ, பெரும்பாலும் முறிந்த உலோகத்திலேயே பதிந்திருக்கிறது.

சென்ற ஆண்டு எமது மதரஸாவின் பொது மிதிவண்டியில் பின்சக்கர அச்சு இரண்டாக முறிந்தது. கடைக்குச் சென்ற மாணவர், சமதரையில் மெதுவாகவே ஓட்டியதாகக் கூறினார். "இருவரை ஏற்றியிருப்பாய்" என்றனர் சிலர். செலவை அவர் தந்தையிடம் பெற வேண்டுமென்றும் பேச்செழுந்தது. சாட்சியத்தின் சட்டங்களைப் பாடம் நடத்தும் நாம், அச்சின் சாட்சியத்தைக் கேளாமல் தீர்ப்புரைக்க விரும்பவில்லை. துண்டுகளைத் துடைக்காமலேயே வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தோம்.

முறிவு முகத்தில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி வழவழப்பாக, துருவேறிக் கருத்திருந்தது. ஈர மணலில் அலைகள் விட்டுச்சென்ற வரிகள்போல் அதில் வளைகோடுகள் தெரிந்தன. எஞ்சிய பகுதி மட்டும் சொரசொரப்பாகப் பளபளத்தது. ஒரே அதிர்ச்சியில் முறிந்திருந்தால் முகம் முழுவதும் புதிதாக இருந்திருக்கும். ஆகவே, விரிசல் பழையது. கடைசித் துளி உலோகம் அறுந்த நாளில் அம்மாணவர் ஓட்டினார், அவ்வளவே.

விரிசல் தொடங்கிய இடம், ஃப்ரீவீல் பக்கத்தில் ஒரு மரைப் பள்ளம். பல கியர் ஃப்ரீவீல் கொண்ட இத்தகைய சக்கரங்களில் அப்பக்கப் பேரிங் உட்புறமாக அமைவதால், அச்சின் நீண்ட பகுதி தாங்கலின்றி நிற்கிறது. ஒவ்வொரு குழியிலும் ஒவ்வொரு மிதியிலும் அது சிறிதே வளைந்து நிமிர்கிறது. பள்ளத்தின் கூர்மையில் விசை குவிந்து, மயிரிழை விரிசல் பிறந்து மெல்ல வளர்கிறது. ஒரு தடவையில் முறிக்க இயலாத சுமை, பல்லாயிரம் தடவைகளில் முறித்துவிடுகிறது. இதுவே உலோகச் சோர்வு.

1842இல் பிரான்சின் வெர்சாய் தடத்தில் ரயில் எஞ்சினின் அச்சு முறிந்து பலர் மாண்டனர். பின்னர் ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர், ரயில் அச்சுகளை மீண்டும் மீண்டும் வளைத்துச் சோதித்து இந்நியதியை நிறுவினார்.

மாணவரிடம் எவரும் பணம் கேட்கவில்லை. செலவை மதரஸாவே ஏற்றது. அவ்விரிசலில் வண்டியை ஓட்டிய எங்கள் அனைவருக்கும் பங்குண்டு.

சகோதரர்களே, பின்சக்கரம் ஆடினாலோ, புதிதாக ஓசை எழுந்தாலோ, அச்சைக் கழற்றி உருட்டிப் பாருங்கள். வளைந்திருந்தால் நிமிர்த்தாதீர்கள், மாற்றிவிடுங்கள். சட்டத்தில் அச்சு பொருந்தும் இரு முனைகளும் இணையாக உள்ளனவா என்றும் பாருங்கள். இல்லையேல் புதிய அச்சும் அதே இடத்தில் முறியக்கூடும்.